பற்றவைக்காத பீடி

என் வீட்டுக்காரர் பீடியால் செத்தார் என்று அரியலூர் கடைவீதியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மூன்று மாடி ஜவுளிக்கடை எரிந்தது அவர் அணைக்காமல் போட்ட பீடியால்தான், அந்தப் புகையிலேயே அவரும் போய்ச் சேர்ந்தார் என்று விளக்கமும் சேர்த்துச் சொல்வார்கள். நானே அப்படித்தான் சொன்னேன், ஊர் நிறைந்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு. அது பொய். அவர் பீடியைப் பற்றவைப்பதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. இது எனக்குத் தெரியும், இன்னொருத்திக்குத் தெரியும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். “எழுதுங்க பெரிம்மா, எனக்கும் நெஞ்சுல அடைச்சுக்கிட்டேதான் கெடக்கு” என்றாள். யார் பெயரையும் எழுதப்போவதில்லை.

நான் கீழப்பழுவூர் பக்கத்தில் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்தேன். பாதி ஆயுசை நெருப்புக்குப் பக்கத்தில் கழித்தவள். சமையலறை வாசலில் மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள் தொங்க வேண்டும் என்பது அரசாங்க உத்தரவு. தொங்கின. ஆய்வுக்கு வருகிறவர்கள் வாளிகளை ஒரு பார்வை பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு, சாம்பாரை ருசி பார்க்கப் போய்விடுவார்கள். ஒரு வாளிக்குள் கோழி முட்டையிட்டு வைத்திருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். உத்தரவு போட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எங்கேயோ பிள்ளைகள் கருகிய பிறகு, வயிறு எரிந்துதான் போட்டிருப்பார்கள். நம் ஆட்களிடம் வந்து சேரும்போது அது கொலுப் பொம்மை மாதிரி பார்வைக்கு வைக்கிற பொருளாகிவிடுகிறது.

வீட்டுக்காரர் அரியலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வாட்ச்மேன். பெயருக்குத்தான் வாட்ச்மேன். கடை திறப்பது, தண்ணீர் மோட்டார் போடுவது, லிஃப்ட் பாதியில் நின்றால் ஆளை வெளியே இழுப்பது எல்லாம் அவர்தான். கடை வாசலில் புகை பிடிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று ஒரு பலகை இருந்தது. யாராவது சிகரெட்டோடு வந்தால் அந்தப் பலகையைக் காட்டி நிறுத்துவதும் அவர் வேலை. நிறுத்திவிட்டு, பின்பக்கச் சந்துக்குப் போய் நின்று அவர் பீடி பிடிப்பார். கேட்டால், “சட்டம் வாசலுக்குத்தான புள்ள, சந்துக்கா போட்டிருக்கான்” என்பார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கும் அந்தப் பீடிக்கும் ஏழாம் பொருத்தம். சக்களத்தி என்றுதான் அதைச் சொல்வேன். பஸ்ஸில், ரேஷன் கடையில், அவருடைய முதலாளி வீட்டு விசேஷத்தில், எங்கே நாலு பெண்கள் உட்கார்ந்தாலும் என் புலம்பல் அதுவாகத்தான் இருக்கும். “சோறு இல்லாம இருப்பாரு, பீடி இல்லாம இருக்கமாட்டாரு” என்று கண்ணைத் துடைத்துக்கொள்வேன். வீட்டில் கேட்டால் அவர், “இல்லவே இல்ல, இன்னிக்கு ஒண்ணுகூட புடிக்கல” என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்வார். அந்தச் சத்தியமே பீடி நாற்றம் அடிக்கும். எனக்கு வாய் நீளம். எங்கள் வீட்டுப் பீடிக் கதை எட்டு ஊருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற ஊரில் இருமாதவன் எவன் என்று அதையும் கொஞ்ச காலம் தள்ளிப்போட்டார். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்ட பிறகுதான் பெரம்பலூரில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் போனோம். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “பாதிக்கு மேல போயிடுச்சுங்க. மீதிய வச்சுக்கிட்டு பேத்தியப் பாக்கணுமா, பீடி புடிக்கணுமான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க” என்றார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். இவர் இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்து டீக்கடை மேசையில் வைத்தார். அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினார். அதோடு சரி. இத்தனை வருடம் நான் தொண்டை கிழியக் கத்தியதற்கு அசையாத மனிதர், முன்பின் தெரியாத ஒருத்தர் மெதுவாகச் சொன்னதும் விட்டுவிட்டார். அந்தக் கோபம் எனக்குக் கொஞ்ச நாள் இருந்தது.

தீப்பெட்டியைத்தான் விட்டாரே தவிர பீடியை விடவில்லை. தினமும் காலையில் ஒரு பீடியை எடுத்து உதட்டில் வைத்துக்கொள்வார், பற்றவைக்கமாட்டார். “வாய்க்கு ஒரு தொணை வேணும்ல” என்பார். சாயங்காலம் பார்த்தால் வாய்ப்பக்கம் எச்சிலில் ஊறி நைந்திருக்கும். நுனி மட்டும் கடையில் வாங்கியபடி இருக்கும். சட்டை துவைக்கும்போது பாக்கெட்டிலிருந்து அதை எடுத்து எறிவது என் வேலையாயிற்று. என்னைச் சீண்ட வேண்டும் என்று தோன்றினால் அடுப்படிக்கு வந்து நின்று பீடியை நீட்டுவார். “ஒரே ஒரு குச்சி குடு புள்ள, பத்தவச்சு மோந்து மட்டும் பாத்துக்கறேன்” என்பார். நான் தீப்பெட்டியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்வேன். வயதான காலத்தில் எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகிப்போனது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தோம். சந்தோஷமாக இருந்தோம் என்றே சொல்வேன்.

ஊருக்கு மட்டும் அவர் விட்டது தெரியாது. வாயில் பீடி இருக்கிறதே. நுனியில் நெருப்பு இருக்கிறதா என்று யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்?

அந்தச் சமயத்தில் பெரிய கடைகளுக்கெல்லாம் தீயணைப்புச் சான்று கட்டாயம் என்று கெடுபிடியானது. முதலாளியும் செலவைப் பார்க்காமல், புகையைக் கண்டுபிடித்து அலறுகிற கருவிகளைக் கூரையில் வரிசையாக மாட்டினார். வெள்ளையாக, வட்டமாக, மெதுவடையைத் தட்டி ஒட்டிவைத்த மாதிரி இருக்கும் என்று வீட்டுக்காரர் சொன்னார். சோதனைக்கு வந்த அதிகாரி ஒன்றுக்குக் கீழே ஊதுவத்தியைக் காட்டியதும் கட்டடமே அலறியதாம். எல்லாருக்கும் திருப்தி.

வெள்ளிக்கிழமை வந்தது வினை. எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாமல் எந்தக் கடையும் வியாபாரம் தொடங்காது. தேங்காய் நாரும் கொட்டாங்கச்சிக் கரியும் கனன்றுகொண்டிருக்கிற தூபக்காலைக் கையில் எடுத்துக்கொண்டு, கல்லாவிலிருந்து சரக்கு அறை வரைக்கும் ஒரு மூலை விடாமல் புகை காட்ட வேண்டும். புகை நுழையாத இடத்தில் லட்சுமி நுழையமாட்டாள். அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டார் நல்ல நேரம் பார்த்து, கடை திறந்த கையோடு முகூர்த்தப் புடவை எடுக்க வந்துவிட்டார்கள். புடவையைப் பெண்ணின் தோளில் போட்டுப் பார்க்கிற நேரத்தில் மேலே அலறல். போட்டது போட்டபடி அத்தனை பேரும் ஓடினார்கள். அபசகுனம் என்று திரும்பி வரவே இல்லை. முதலாளி கொதித்துப்போனார். “சாமிக்குப் போடற பொகைக்கும் சனியன் புடிச்ச பொகைக்கும் வித்தியாசம் தெரியல. இந்த எழவ மூடித் தொலைங்கடா” என்றார்.

கழற்றினால் சான்று போய்விடும். அதனால் புடவை போட்டுக் கொடுக்கிற பிளாஸ்டிக் கவரை ஒவ்வொரு கருவிக்கும் மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் மாட்டுவது, வெள்ளிக்கிழமை சாம்பிராணி முடிந்ததும் எடுப்பது என்று ஏற்பாடு. ஏணி போட்டு ஏறுகிறவர் வீட்டுக்காரர்தான். மூச்சு இழுக்கிற மனிதர் எத்தனை தடவை ஏறி இறங்க முடியும்? எதற்கு எடுத்து எடுத்து மாட்டுகிறாய், இருந்துவிட்டுப் போகட்டும் என்று முதலாளியே சொல்லிவிட்டார். அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் கவர் இறங்கும். இதை அவர் வீட்டில் சொன்னபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் மணல் வாளிக்கு ஒரு ஜோடி கிடைத்தது என்றேன்.

சாம்பிராணி காட்டுவதும் முதலில் அவர் வேலைதான். நெஞ்சு கெட்ட பிறகு அந்தப் புகை அவருக்கு ஆகவில்லை, இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். குழந்தைகள் துணிப் பிரிவில் வேலை பார்த்த ஒரு பெண் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறவள். அப்பா இல்லாதவள், இவரைப் பெரிப்பா என்று கூப்பிடுவாள். “குடுங்க பெரிப்பா, உங்களுக்கு இழுக்குது” என்று ஒரு வெள்ளிக்கிழமை தூபக்காலை இவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு அது அவள் வேலையாகவே ஆகிவிட்டது. அவளுக்கு அரும்பாவூரில் மாப்பிள்ளை பேசி, தை மாதம் கல்யாணம் என்று நிச்சயம் ஆகியிருந்தது. அதைப் பற்றி இவர் என்னிடம் சொந்த மகளுக்கு ஆனது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்.

தீபாவளி முடிந்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை. நான் பள்ளியில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. கடையில் தீ என்று மட்டும் சொன்னார்கள், இவரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லாததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு ஓடினேன். பஸ் ஒரு சிமென்ட் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போனது. அரியலூருக்குள் நுழையும்போதே கரும்புகை தெரிகிறது என்று பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். நான் என் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தீ பிடித்தது மூன்றாவது மாடிச் சரக்கு அறையில். கீழே ஆட்கள் துணியைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே மாட்டியிருந்த கருவிகள் அத்தனையும் புடவைக் கவருக்குள் கிடந்தன, ஒன்றும் கத்தவில்லை. முதலில் வாடை பிடித்தவர் நெஞ்சு கெட்ட இவர்தான். கத்தி எல்லாரையும் வெளியே விரட்டியிருக்கிறார். வெளியே வந்து பார்த்தால் அந்தப் பெண்ணைக் காணவில்லை, அவள் இரண்டாவது மாடியில் பொம்மைக்கு உடை மாட்டிக்கொண்டிருந்தாள். இவர் மறுபடி உள்ளே போனார். அவள் முகத்தில் தன் துண்டைச் சுற்றி, படியில் பிடித்துத் தள்ளி இறக்கிவிட்டிருக்கிறார். அவள் இறங்கிவிட்டாள். இவர் படி திரும்புகிற இடத்தில் விழுந்துவிட்டார். உடம்பில் ஒரு தீக்காயம்கூட இல்லை. இருந்த பாதி நெஞ்சுக்குள் புகை போயிருந்தது.

அரியலூர் ஆஸ்பத்திரியில் அவர் சட்டையைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். விசாரணைக்கு வந்தவர் அதைக் கேட்டு வாங்கினார். பாக்கெட்டில் விரலை விட்டு அன்றைக்கு வைத்திருந்த பீடியை எடுத்தார். “ம்” என்றார், திரும்ப அதிலேயே போட்டுச் சட்டையை என்னிடம் நீட்டினார்.

“எத்தன தடவ சொல்லியிருப்பேன் சார், கேட்டாத்தான?” என்றார் பக்கத்தில் நின்ற முதலாளி.

“அவரு விட்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க சார்!” என்று கத்தினேன்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, எங்க வூட்டு விசேசத்துல நீயேதான சொல்லி அழுத? சோறு இல்லாம இருப்பாரு, பீடி இல்லாம இருக்கமாட்டாருன்னு.”

வந்தவர் என்னைப் பார்த்தார். அது நான் சொன்ன சொல்தான். தீப்பெட்டி எங்கே என்று அவர் கேட்கவில்லை. பீடியின் நுனியைப் பார்க்கவில்லை. இன்னொன்றும் உண்டு, பீடி பிடிக்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான். சிகரெட் மாதிரி பீடி தானாக எரிந்துகொண்டிருக்காது. இழுக்க இழுக்கத்தான் எரியும், சும்மா விட்டால் அணைந்துபோகும். அன்றைக்கு அந்த வராந்தாவில் நின்ற ஆண்களில் பீடி தெரியாதவர் யாரும் இல்லை. ஒருத்தர் வாயிலிருந்தும் அது வரவில்லை. சாம்பிராணி போட்டீர்களா என்று கேட்டதற்கு, இன்னிக்கு இன்னும் போடவே இல்லை சார் என்று முதலாளி சொன்னார். அலாரம் ஏன் அடிக்கவில்லை என்றால், காலையிலிருந்து கரண்ட் சரியில்லை என்றார். கவர்களும் கருவிகளும் சேர்ந்து உருகிப்போயிருந்தன.

திருச்சிக்குக் கொண்டுபோனோம். ஆக்ஸிஜன் வைத்த பிறகு அவருக்குக் கொஞ்சம் குரல் வந்தது. மறுநாள் அவரிடம் வாக்குமூலம் வாங்க வருகிறார்கள் என்றார்கள். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

“பீடி இல்லன்னு சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டேங்கிறாங்க. நீங்க வாயத் தொறந்து சொல்லுங்க.”

என்னைக் குனியச் சொல்லிக் கையைக் காட்டினார். “சாம்பிராணி” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“சரக்கு ரூம்ல கங்கு வுழுந்திருக்கு. பூரா அட்டப்பொட்டி. அந்தப் புள்ள பாக்கல.”

“அப்ப அதச் சொல்லுங்க. போடச் சொன்னது யாரு, அந்தாளுதான? கவரு மாட்டச் சொன்னது யாரு?”

“போடவே இல்லன்னு மொதலாளி சொன்னது என் காதுலயும் வுழுந்துச்சு. போட்டோம்னு நான் சொன்னா, யாரு கையில இருந்துச்சுன்னு கேப்பாங்க. அவளத்தான் முன்னால தள்ளிவிடுவாங்க.” நிறுத்தி மூச்சு வாங்கினார். “தை மாசம் புள்ள.”

“உங்க பேரு கெடட்டுமா?”

“ஊருக்கு நான் பீடிக்காரன்தான” என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது.

மறுநாள் வந்தார்கள். நான் அவர் கால்மாட்டில் நின்றேன். பீடி பிடித்தீர்களா என்று கேட்டார்கள். ஆமாங்க சார் என்றார். எங்கே போட்டீர்கள்? சரக்கு ரூம்ல சார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் என் பக்கம் திரும்பவில்லை. பிடித்த காலத்தில் எல்லாம் இல்லவே இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர், பிடிக்காத பீடியை ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டார். அதற்கு அடுத்த வாரம் செத்துப்போனார்.

காரியத்துக்கு வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, பாவி மனுசன், நீ சொன்னதைக் கேட்டிருந்தா இருந்திருப்பான் என்றார்கள். ஒருத்தர் பாக்கி இல்லாமல் சொன்னார்கள். எனக்கு அவர்கள் குரல்வளையைக் கடிக்க வேண்டும் போலிருந்தது. செத்தவரைத் திட்டாதே என்று சொல்லிக்கொண்டே திட்டினார்கள். ஒரு பீடியால் இத்தனை பேர் பிழைப்பு போனதே என்று கடை ஆட்களின் வீட்டுப் பெண்கள் என் காதுபடப் பேசினார்கள். அவர்களுக்கும் கோபம் இருக்கும்தானே. நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, அந்தச் சட்டைப் பாக்கெட்டில் பீடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். கருகாத நுனியோடு இருந்தது. அதைக் கொண்டுபோய் யாராவது பெரிய அதிகாரியின் மேசைமேல் வைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது என் நினைப்பு.

கார்த்திகையில் அந்தப் பெண் அவள் அம்மாவோடு பத்திரிகை வைக்க வந்தாள். துக்க வீட்டுக்குப் பத்திரிகை கொண்டுவரலாமா என்று அவள் அம்மாவுக்கு ஒரே தயக்கம். அம்மா தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரத்தில் அந்தப் பெண் என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“பெரிம்மா, நானே போயி சொல்லிடறேன். என்னால தூங்க முடியல.”

“வாய மூடு” என்றேன். “அவரு செத்தது வீணாப் போவணுமா?”

பெருந்தன்மையில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளை எனக்குப் பிடிக்கவில்லை. அவள் கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள், உயிரோடு இருந்தாள். அவள் போன பிறகு பத்திரிகையைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டேன். அவர் சொன்னதை நான் காப்பாற்ற வேண்டும் என்று என்ன கட்டாயம் என்றும் யோசித்தேன்.

மார்கழியில் சுகாதார ஆய்வாளர் ஒரு பெண் வீட்டுக்கு வந்தார், சின்ன வயது, மரியாதையான பேச்சு. புகையிலை ஒழிப்பு, தீ விபத்துத் தடுப்பு இரண்டுக்கும் சேர்த்து அரியலூரில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் என்றார். “நாங்க நோட்டீஸ் குடுத்தா வாங்கி மடிச்சுப் பல்லு குத்துறாங்கம்மா. நீங்க நாலு வார்த்த பேசினா கேப்பாங்க” என்றார். வருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். அதிகாரிகள் எல்லாரும் மேடையில் இருப்பார்கள், கடை முதலாளிகள் எதிரே இருப்பார்கள். இதைவிட வேறு இடம் எனக்கு எங்கே கிடைக்கும்? பீடியைக் காகிதத்தில் சுற்றிப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் அழுகிய நுரையீரல் படம் பெரிதாக வைத்திருந்தார்கள். பேசியவர்கள் நன்றாகத்தான் பேசினார்கள். பொது இடத்தில் பிடிக்காதே, படுக்கையில் பிடிக்காதே, அலாரம் மாட்டு, வழியில் சரக்கை அடுக்காதே. ஒரு வார்த்தை தப்பில்லை. முதல் வரிசையில் எங்கள் முதலாளி உட்கார்ந்திருந்தார். நாற்காலி காலியாக இருக்கக்கூடாது என்று கடை ஆட்களையெல்லாம் அழைத்து வந்திருந்தார்கள். நடு வரிசையில் அந்தப் பெண் இருந்தாள்.

என்னைக் கூப்பிட்டார்கள். மைக்குக்கு முன்னால் நின்று பர்ஸைத் திறந்தேன். “எங்க வூட்டுக்காரரு எப்பிடிச் செத்தாருன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்” என்று தொடங்கினேன். விரல் காகிதத்தைத் தொட்டது. அப்போது அவள் எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்து இழுத்தாள், உட்காரவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தாள். சொல்லத்தான் போகிறாள் என்று தெரிந்தது. முதலாளி திரும்பி அவளைப் பார்த்தார். அவர் பார்த்த பார்வையிலேயே, அவள் ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சுமை முழுவதையும் அவள் தலையில் இறக்கிவிட்டு எழுந்து போய்விடுவார் என்பது எனக்குப் புரிந்தது. வீட்டுக்காரர் கட்டிலில் படுத்துக்கொண்டே பார்த்தது இதைத்தான்.

“பீடிதாங்க” என்றேன் மைக்கில். எனக்கே அதட்டுகிற மாதிரி கேட்டது. “நான் சொன்னேன், கேக்கல. அந்தப் பீடியாலதான் போனாரு. வேற ஒண்ணும் இல்ல.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துச் சுற்றியிருந்த பெண்களும் கண்ணைத் துடைத்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

கண்ணீர் கீழே விழக்கூடாது என்று நான் தலையைத் தூக்கினேன். மணமேடைக்கு நேர் மேலே கூரையில் ஒரு வெள்ளை வடை தெரிந்தது. அதற்கும் பிளாஸ்டிக் கவர் மாட்டி நூல் கட்டியிருந்தார்கள். இங்கே ஹோமப் புகைக்காக. “மேல மாட்டியிருக்கிற அந்த மிசினு வாய மட்டும் கட்டி வைக்காதீங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது” என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். முதலாளி செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். ரொம்ப உருக்கமாகப் பேசினீங்கம்மா என்று அந்த ஆய்வாளர் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் வழக்கம்போலப் பள்ளிக்குப் போனேன். சமையல் ஆள் வருவதற்கு நேரம் இருந்தது. பர்ஸில் பீடி அப்படியே இருந்தது. அதை வைத்துக்கொண்டிருந்தால் என்றைக்காவது எவனாவது ஒருத்தன் ஒரு சொல் சொல்லும்போது எடுத்துக் காட்டிவிடுவேன். என் வாயைப் பற்றி எனக்குத் தெரியாதா? தை மாதம் போய், அவளுக்குப் பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற காலத்தில்கூட எடுத்துக் காட்டிவிடுவேன்.

தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மணல் வாளியில் பீடியை நட்டு வைத்தேன், நுனி மேலே இருக்கும்படி. ஒரே ஒரு குச்சி குடு புள்ள என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தாரே, அந்தக் குச்சியைக் கிழித்து வைத்தேன். நுனி சிவந்தது, இத்துனூண்டு புகை வந்தது, அணைந்துவிட்டது. இன்னொரு குச்சி கிழித்தேன். அதுவும் அணைந்தது. பாதி கருகி, ஊரில் சொன்ன மாதிரியே, யாரோ பிடித்துவிட்டுப் போட்ட பீடியாக மணலில் நின்றது. அப்படி அதை விட்டுவிட்டு உள்ளே போக எனக்கு மனசு வரவில்லை. பிடுங்கி மணலைத் துடைத்தேன். அவர் எச்சில் காய்ந்திருந்த பக்கத்தை என் உதட்டில் வைத்துக்கொண்டு, மூன்றாவது குச்சியைக் கிழித்து, இருமி இருமி, அது முழுசாகச் சாம்பலாகிற வரைக்கும் இழுத்தேன்.